பாதத்தில் பட்ட ஈரம்

நான் கால் முன்னால் வந்து பிறந்தவள். தலை வரவேண்டிய இடத்தில் வலது கால் வந்தது, மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள், அம்மாவும் நானும் பிழைத்தது அண்ணாமலையான் புண்ணியம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அப்படிப் பிறந்தவர்கள் காலால் மிதித்தால் பிடிப்பு விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இடுப்புப் பிடிப்போ, கழுத்துப் பிடிப்போ, மூச்சுப் பிடிப்போ, எதுவானாலும் விடிந்ததும் வெறும் வயிற்றோடு வரவேண்டும். கிழக்கே தலை வைத்துக் குப்புறப் படுக்க வேண்டும். நான் வலது காலை முதுகில் வைத்து மூன்று தரம் மெல்ல அழுத்தி எடுப்பேன். அவ்வளவுதான்.

மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு எனக்கு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், ஆனால் எழுதுவது நான்தான். அடி அண்ணாமலையில் வாழ்க்கைப்பட்டு வந்தபோது என்னிடம் நகை ஜாஸ்தி கிடையாது, நிறமும் கம்மி. இந்தக் கால்தான் எனக்கு இருந்த பெருமை. செங்கத்திலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்து படுத்திருக்கிறார்கள். ஒருவரிடமும் நான் காசு வாங்கியதில்லை. வெற்றிலை பாக்கு கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். எழுந்தவர் இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "ராசியான காலும்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். இல்லை என்று சொன்னால் பொய்.

எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். தம்பிதான் என் வீட்டுக்காரர். அவருடைய அண்ணனை நான் மாமா என்பேன். மாமாவின் மனைவி எனக்கு ஓரகத்தி, அவளை அக்கா என்று கூப்பிடுவேன். இரண்டு வீட்டுக்கும் வாசல் ஒன்று, கிணறு ஒன்று, அடுப்பு மட்டும் வேறு வேறு.

மாமாவுக்கு முன்னால் நான் நேராக நின்று பேசியதில்லை. எங்களில் அப்படித்தான். கணவனின் அண்ணன் மாமனார் மாதிரி. அவர் வந்தால் நான் உள்ளே போய்விடுவேன். மாட்டுக்குத் தவிடு தீர்ந்துவிட்டது என்றால்கூட அக்காவிடம் சொல்லுவேன், அக்கா அவரிடம் சொல்லுவாள். அவரும் நல்ல மனிதர். நான் வாசலில் இருக்கிறேன் என்று தெரிந்தால் தூரத்திலேயே ஒரு இருமல் இருமிவிட்டுத்தான் வருவார்.

எழுபதுகளின் நடுவில், என் கடைசிப் பெண் இடுப்பில் இருந்த காலம். கார்த்திகைத் தீபம் ஏற்றி நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது, மலைமேல் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக் காயவைத்து, முதல் நாள்தான் மூட்டைகளை வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். மாமாதான் தூக்கினார். மறுநாள் விடிந்ததும் அக்கா என் வாசற்படிக்கு வந்தாள்.

"ஏண்டி, உங்க மாமாவுக்கு மூச்சுப் பிடிச்சிகிச்சி. ராத்திரியெல்லாம் முதுகு வலின்னு பொரண்டுகினே இருந்தாரு. இடது கை வேற கனமா கீதாம். கொஞ்சம் மிதிச்சி விடு."

"நானா? மாமா முதுகுலயா?"

"பின்ன வேற எவ கால் மொதல்ல வந்தா இந்த ஊர்ல?"

மாமா அங்கே பாயில் உட்கார்ந்திருந்தார். "தம்பி பொண்டாட்டி காலாலயா மிதிக்கச் சொல்ற?" என்று அவர் முனகியது எனக்குக் கேட்டது.

"கால வைக்கத்தான் போறா, உம்ம தலையில ஏறிக் குந்தப் போறதில்ல. படும் பேசாம," என்றாள் அக்கா.

அவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தார். நல்ல பனி. நான் காதோடு சேர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தேன், பல் கிடுகிடுத்தது. குனிந்து அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வலது காலை முதுகில் வைத்தேன். வைத்ததும் பாதம் நனைந்தது.

கிணற்றுத் தண்ணீர் நிரப்பி வைத்த தவலை வெளிப்பக்கம் வேர்த்திருக்குமே, அந்த ஈரம், அந்தக் குளிர்ச்சி. வேலை செய்து வருகிற வேர்வை சூடாக இருக்கும். எத்தனையோ முதுகுகளை மிதித்தவள் நான், எனக்குத் தெரியும். இது அப்படி இல்லை. என் கால் ஒரு கணம் நின்றது.

என்ன இது என்று கேட்க வாய் வந்தது. ஆனால் படுத்திருந்தவர் மாமா. காலை வைக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. இப்போது நினைத்தால் சிரிப்பாகவும் அழுகையாகவும் வருகிறது. அப்போது அது எனக்குச் சட்டம். பக்கத்தில் நின்ற அக்காவிடமாவது சொல்லியிருக்கலாம். அவளிடமும் சொல்லவில்லை. ஊரே மெச்சுகிற காலை வைத்துக்கொண்டு, எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று எப்படிச் சொல்வது? மூன்று தரம் மிதித்தேன். பாதத்தை மண்ணில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அவர் எழுந்து, "கம்மியாத்தான் கீது," என்று அக்காவிடம் சொன்னதைக் கேட்டேன். எனக்குக் காது குளிர்ந்தது. கூழ் வேண்டாம், குமட்டுகிறது என்று சொல்லிவிட்டு நிலத்துக்கு நடந்து போனார். வெயில் ஏறுவதற்குள் கிணற்று மேட்டில் விழுந்து கிடக்கிறார் என்று ஆள் ஓடிவந்தது. போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை. மூச்சுப் பிடிப்பு நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்றார்கள் ஊரில். பார்க்க வந்த கம்பவுண்டர்தான், "இது ஆர்ட் அட்டாக்," என்றார். அந்த வார்த்தையை எங்கள் தெருவில் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டோம்.

என்னை யாரும் குறை சொல்லவில்லை. அக்கா ஒப்பாரி வைக்கும்போதுகூட, மிதித்த பிறகு கொஞ்சம் நல்லாயிருந்தாரே என்றுதான் சொல்லி அழுதாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு வருஷம் யாரையும் மிதிக்கவில்லை. ஒரு வேண்டுதல் என்று சொல்லி, வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். பிறகு ஒரு நாள் நடக்கவே முடியாமல் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், மறுக்க முடியவில்லை. மறுபடி ஆரம்பித்தேன். ஆனால் ஒவ்வொரு முதுகிலும் காலை வைக்கும்போது பாதம் ஈரத்தைத் தேடும்.

அந்த வருஷங்களில் தயிர் விற்க மலையடிவாரத்து ஆசிரமம் பக்கம் போவேன். அங்கே வாடகை வீட்டில் ஓய்வு பெற்ற நர்சம்மா ஒருவர் இருந்தார். எங்கேயோ பெரிய ஊரில் வேலை பார்த்தவர், மலையைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்று வந்தவர். ஒரு நாள் என் காலைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டுவிட்டு, தயிரை வாங்கிக்கொண்டே சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. கேலி பண்ணாதீர்கள் என்று சொல்லப் போனவள், எப்படியோ மாமா கதையைச் சொல்லிவிட்டேன். ஈரத்தை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "வலி எங்கே இருந்துச்சு?"

"முதுகுலதாம்மா. ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல."

"கை?"

"இடது கை கனமா கீதுன்னாராம். கூழும் வேணாம்னுட்டாரு, கொமட்டுதுன்னு."

"வேர்த்துதா?"

நான் தயிர்ச் சட்டியை மூடினேன், திறந்தேன்.

"தயிர்க்காரம்மா, உங்களைத்தான். பனிக்காலம்தானே அது? வேர்த்துதா?"

"தவலை மாதிரி வேர்த்துதும்மா," என்றேன். அதுவரை ஒரு மனிதரிடமும் நான் சொல்லாத சொல் அது.

நர்சம்மா கூடத்தில் என்னை உட்காரச் சொன்னார். "அது பிடிப்பு இல்லம்மா. நெஞ்சுவலின்னா எல்லாரும் கூத்துல அம்பு பட்ட ராஜா மாதிரி நெஞ்சைப் பிடிச்சிட்டு விழுவாங்கன்னு நினைச்சிட்டு இருக்கீங்க. சில பேருக்கு நெஞ்சுல பாறாங்கல்லை வச்ச மாதிரி இருக்கும். சில பேருக்கு அது கையில இறங்கும், தாடைக்கு ஏறும், முதுகுல போய் நிக்கும். பொம்பளைங்களுக்கும் சக்கரை இருக்கறவங்களுக்கும் நெஞ்சு வலிக்காமலே கூட வரும். காரணமே இல்லாம அசதியா இருக்கும், மூச்சு வாங்கும், வாந்தி வரும். உடம்பு சில்லுனு வேர்க்கும்."

"பிடிப்பும் முதுகுலதானேம்மா வருது? எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"பிடிப்புன்னா பெரும்பாலும் திரும்பினா வலிக்கும், அமுக்கினா வலிக்கும். இது எப்படிப் படுத்தாலும் ஒரே வலியா இருக்கும். ஆனா சந்தேகம்னு வந்துட்டா நீங்க கண்டுபிடிச்சிட்டு உக்காராதீங்க. ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. நடக்க விடாதீங்க."

மாமா கிணற்று மேடு வரைக்கும் நடந்தார்.

நான் எழுந்து கூடையைத் தூக்கும்போது நர்சம்மா குரலைத் தாழ்த்தி, "எனக்கு ரெண்டு நாளா இடுப்புப் பிடிப்பு. திரும்பினா வலிக்குது. வேர்க்கல. மிதிக்கறீங்களா?" என்றார். தயிர்க் கூடையை இறக்கி வைத்துவிட்டு மிதித்தேன். சரியாகிவிட்டது என்று மறுநாள் சொன்னார். படித்தவர்.

அதன் பிறகு வருகிறவர்களைக் கேள்வி கேட்காமல் மிதிப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஆண்பிள்ளை, பெரியவர், மாமனார் முறை என்றெல்லாம் பார்ப்பதில்லை. "இன்னா இது, டாக்டராட்டம் கேட்டுகினே கீது," என்று கேலி பேசினார்கள். பேசட்டும். ஆனால் அக்காவிடம் மட்டும் அந்த ஈரத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. ஒரே கிணற்றில் தண்ணீர் சேந்துகிறோம், ஒரே வாசலில் கோலம் போடுகிறோம். சொன்னால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? தினம் நாளைக்கு, நாளைக்கு என்று எட்டு ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

என் கடைசிப் பெண் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். அக்கா மூன்று நாளாக அசதி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வாசல் பெருக்கவே இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினாள். தாடை வலிக்கிறது என்று கிராம்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று முந்தைய வருஷம்தான் தெரிந்திருந்தது. எனக்கு இதெல்லாம் கண்ணில் பட்டும் ஒன்றோடு ஒன்று சேரவில்லை. பல் வலி பல் வலியாகவும், அசதி பொங்கல் வேலையாகவும்தான் தெரிந்தது. நர்சம்மா சொன்னது எல்லாம் ஆண்பிள்ளை முதுகுக்குச் சொன்ன மாதிரி ஒரு நினைப்பு, பொம்பளைங்களுக்கு என்று அவர் வாயால் சொல்லியும்.

அன்று காலை அவளே பாயைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"முதுகுல பிடிச்சிகிச்சிடி. மாவு ஆட்டினதுதான். மிதி."

"திரும்பினா வலிக்குதாக்கா?"

"ஆரம்பிச்சிட்டியா உன் டாக்டர் வேலய? எப்படி இருந்தாலும் வலிக்குது. மிதிடி, அடுப்புல ஒல வெச்சிட்டு வந்திருக்கேன்."

படுத்தாள். காலை வைத்தேன். ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. துணியைத் தாண்டி அந்த ஈரம் பாதத்தில் ஏறியது. அதே சில்லிப்பு. காலை எடுத்துவிட்டேன்.

"எழுந்திருக்காதக்கா. அப்படியே ஒருக்களிச்சிப் படு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அவள் தலையை மட்டும் திருப்பினாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. "பிடிப்புக்கு எவடி ஆஸ்பத்திரிக்குப் போவா? கால வைக்க முடியலன்னா சொல்லு. பெரும வந்துடுச்சி உனக்கு. ஊர்ல இருக்கறவன் முதுகெல்லாம் மிதிப்ப, என் முதுகு மட்டும் கசக்குதா?"

"அக்கா, இது பிடிப்பு இல்ல."

"போடி. ஆஸ்பத்திரிக்குப் போனவ எவ திரும்பி வந்தா? சித்த நேரம் படுத்தா சரியாப்பூடும்." கையை ஊன்றி எழப் பார்த்தாள்.

அவளைப் போகவிட்டால் அவள் நேரே அடுப்புக்குப் போவாள், அங்கேயிருந்து கிணற்றுக்குப் போவாள் என்று எனக்குத் தெரியும். அவளை அசைக்க என்னிடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. ஒன்பது வருஷமாக ஒளித்து வைத்த சொல். பாய்க்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு மாமா முதுகும் இப்படித்தான்கா இருந்துது. வெச்சதும் என் கால் நனைஞ்சிப்போச்சி. சில்லுனு இருந்துது. எனக்குத் தெரிஞ்சிது, ஏதோ சரியில்லன்னு. நான் சொல்லல. தொடச்சிகினு உள்ள போய்ட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். ஊன்றிய கையை மடக்கிப் பாயில் மறுபடி படுத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு, "ஒலய எறக்கி வெச்சிட்டு வா," என்றாள்.

என் வீட்டுக்காரர் ஓடிப்போய்ப் பால் வண்டியை நிறுத்தினார். காலையில் கேன்களை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போகிற வேன் அது. அக்கா வேன் வரைக்கும் நடந்து வருகிறேன் என்றாள். கூடாது என்று கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனோம். டிரைவர் முதலில் தயங்கினார்.

"பால் திரிஞ்சிட்டா என்னத்தான்மா கேப்பாங்க. இன்னும் ரெண்டு எடத்துல ஏத்தணும்."

"பால் நாளைக்கும் கறக்கலாம்," என்றேன். அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு முன் சீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். வழியில் எங்கேயும் நிறுத்தவில்லை.

வேனில் அக்கா என் தோளில் சாய்ந்திருந்தாள். அவளுடைய வேர்வை என் ரவிக்கையை நனைத்தது. மலை வலது பக்கமாகக் கூடவே வந்தது. ஒரு தடவை வாந்தி எடுத்தாள். ஒரு தடவை டிரைவரிடம், "பள்ளம் பாத்து ஓட்டுப்பா, பால் தளும்புது," என்றாள். என்னிடம் ஒன்றுமே பேசவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, சின்ன வயசுதான், நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை வைத்தார். நெஞ்சிலும் கைகாலிலும் ஒயரை மாட்டி நீளமான காகிதத்தில் கோடு எடுத்துப் பார்த்தார். பிறகு நர்சுகள் வேகமாக நடந்தார்கள். என்னை வெளியே போகச் சொன்னார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்புப் போட மறந்து வந்திருக்கிறேன்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். "நெஞ்சுக்கு ரத்தம் போற குழாய்ல அடைப்பு. நேரத்துல கொண்டாந்துட்டீங்க. இன்னும் ரெண்டு மூணு நாள் போனாத்தான் தைரியமா சொல்ல முடியும். இந்தம்மாவுக்கு நெஞ்சுல வலியே இல்லையே, எப்படிக் கூட்டிட்டு வந்தீங்க?"

"கால் சொல்லிச்சிம்மா," என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை. "சில்லுனு வேர்த்துது, தாடை வலிச்சிது, அசதியா இருந்தாங்க," என்றேன். அதற்குத் தலையை ஆட்டினார்.

இரண்டு மூன்று நாள் போனது. அதற்கு மேலும் போனது. அக்கா ஏறக்குறைய மூன்று வாரம் படுக்கையில் இருந்தாள். நான் தினமும் கஞ்சி கொண்டுபோனேன். வாங்கிக் குடிப்பாள், கிண்ணத்தைத் திருப்பிக் கொடுப்பாள். நர்சுகளிடம் பேசுவாள், பக்கத்துப் படுக்கைக்காரியிடம் மல்லாட்டை விலை பேசுவாள், என் வீட்டுக்காரரிடம் மாட்டைப் பற்றிக் கேட்பாள். என்னிடம் மட்டும் வாயைத் திறக்கமாட்டாள். அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. நான் மாமாவிடம் திறக்காத வாய் அது.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே. ஒரே வாசலில் இரண்டு பேரும் ஊமைகளாக நடமாடினோம். மாசி பிறந்து, ஒரு நாள் காலையில் நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கயிற்றுக் கட்டிலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். தானாகவே பேச ஆரம்பித்தாள். என்னைப் பார்த்துப் பேசவில்லை, கோலத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அன்னிக்கு நீ சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும்னு படுத்துகினு யோசிச்சிகினே இருந்தேன்."

நான் புள்ளி வைப்பதை நிறுத்தினேன்.

"நீ அவர்கிட்ட நேரா வாயத் தொறந்திருந்தா, மாமனார் மொறைக்காரர்கிட்ட இன்னாடி பேச்சுன்னு நான்தான் மொதல்ல உன் வாய் மேலயே போட்டிருப்பேன். என்கிட்ட சொல்லியிருந்தாலும், உனக்கு மிதிக்கத் தெரியலன்னுதான் சொல்லியிருப்பேன். அவரும் நிலத்துக்குத்தான் போயிருப்பாரு." கட்டில் கயிற்றை விரலால் இழுத்துப் பார்த்தாள். "இருந்தாலும் நீ சொல்லியிருக்கணும்."

"ஆமாக்கா."

"சொல்லியிருக்கணும்டி."

"ஆமாக்கா."

அவள் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். நானும் எழுந்து போகவில்லை, கோலத்தையும் முடிக்கவில்லை. வெயில் வாசல் பாதிக்கு வந்துவிட்டது. பிறகு கட்டிலிலிருந்து மெல்ல இறங்கி, "மூணு வாரம் அந்த இரும்புக் கட்டில்ல படுத்து இடுப்பு போயிடுச்சி. திரும்பினா வலிக்குது. அமுக்கினாலும் வலிக்குது. மூச்சு வாங்கல, கொமட்டல. போதுமா, டாக்டரம்மா?" என்றாள்.

மிதிக்கக் கூடாது, பாரம் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். "பாரம் வைக்க எவ சொன்னா? சும்மா கால வை," என்று பாயை விரித்துப் படுத்துவிட்டாள்.

முதலில் குனிந்து கையால் தொட்டுப் பார்த்தேன். பிறகு பட்டது அவளுக்குத் தெரியும் அளவுக்குக் கால் கட்டை விரலை மட்டும் இடுப்பில் வைத்தேன். வைத்து அப்படியே நின்றேன். முதுகு உலர்ந்து, வெயில் பட்ட கல் மாதிரி சூடாக இருந்தது.

"ஈரமா கீதா?" என்றாள், தலையைத் தூக்காமலே.

"இல்லக்கா," என்றேன்.